காகிதப்பூ ஏன் பூக்கவில்லை, வைத்த குச்சி ஏன் பிழைக்கவில்லை?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மொட்டை மாடித் தொட்டியில் மூன்று வருடமாகக் காகிதப்பூ வளர்க்கிறாராம், தினமும் தண்ணீர், வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல், ஆனாலும் இலையும் முள்ளும்தான் வருகிறதே தவிர பூவைக் காணோம். வில்லியனூரில் இருக்கும் தங்கைக்குக் கொடுக்கலாம் என்று கார்த்திகையில் ஐந்து இளங்கிளைகளை வெட்டித் தொட்டியில் நட்டாராம், ஐந்தும் துளிர்விட்டு, பிறகு கருகிப் போய்விட்டன.

உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை, வயிறுதான் ரொம்ப நிறைந்திருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், அதோடு தினமும் தண்ணீரும் கிடைத்தால் இந்தச் செடி கொடி நீட்டிக்கொண்டே போகும், பூக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. முள் நிறைய வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் இலைக்கக்கத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை, வளர்ச்சி வேகத்தில் இருக்கும்போது அந்த மொட்டு முள்ளாகிவிடும், வேகம் அடங்கும்போது கொத்தாகும். நாம் பூ என்று ரசிக்கும் ரோஸ் நிறத் தாள்கூட உண்மையில் நிறம் மாறிய இலைதான், உள்ளே குழல் மாதிரி வெளிறித் தெரிகிற சின்னதுதான் பூ.

அதனால் முதலில் புண்ணாக்கை நிறுத்துங்கள். தண்ணீரை, மேல்மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் நீண்ட கிளைகளைப் பாதியாகக் கவாத்து செய்யுங்கள், பூ புதுத் துளிரில்தான் வரும். துளிர் ஒரு ஜாண் வந்ததும் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவண்டதும் தொட்டியின் அடியில் வழிகிற அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள், மறுபடி துவளட்டும், மறுபடி ஊற்றுங்கள். இப்படி மூன்று நான்கு வாரம். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் இலை சுருண்டு உதிரும் வரைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கத்திரி வெயிலில் மட்டும் இந்தப் பட்டினி வேண்டாம், மாடித் தளத்தின் சூடே அதற்குப் போதும். தினமும் ஐந்து ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாடியில் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பிரேசில் பக்கத்துச் செடி இது, 1766-இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் கப்பல் பயணத்தில் தாவரவியலாளர் கோமெர்சோன் ரியோவில் கண்டு அந்தக் கடலோடியின் பெயரால் பூகன்வில்லியா என்று பெயர் வைத்தார், புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருச் சுவர்களில் அது வழிவது எனக்கு எப்போதுமே பொருத்தமாகத் தோன்றும். உப்புக்காற்றை நன்றாகவே தாங்கும். ஆனால் உப்புக் கலந்த போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் தொட்டி மண்ணில் வெள்ளையாகப் படியும், மழை பெய்யும்போது நன்றாக நனையவிட்டு அதைக் கழுவுங்கள். கடல் மணலைக் கலக்காதீர்கள். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, இது போதும். பொட்டாஷ் போட நினைத்தால் சல்பேட் பொட்டாஷ் வாங்குங்கள், மியூரேட் என்ற இன்னொரு வகைப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, உங்கள் மண்ணில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்.

இனி தங்கைக்குக் கொடுக்கும் செடி. கார்த்திகை மழையில் ஈரம் வற்றாது, இளம்பச்சைக் கிளையோ சீக்கிரம் அழுகும், இரண்டும் சேர்ந்துவிட்டது. ஆனால் உங்களை ஏமாற்றியது துளிர்தான். குச்சிக்குள் சேர்த்து வைத்த சத்தை வைத்து வேரே இல்லாமல் இலை விடும், பலர் அதைப் பார்த்துப் பிழைத்துவிட்டது என்று தண்ணீரைக் கூட்டுகிறார்கள், இல்லையென்றால் வேர் வந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறார்கள், அப்போதுதான் மயிர் மாதிரி எட்டிப் பார்த்த வேர் அறுந்துவிடுகிறது. தயவுசெய்து இழுக்காதீர்கள்.

தையில் கவாத்து செய்கிறபோது விழும் கிளையிலேயே எடுக்கலாம். பழுப்பேறிய, பென்சில் கனமுள்ள குச்சியாகப் பார்த்து முக்கால் ஜாண் நீளம், நான்கு ஐந்து கணு, அடியில் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, இலைகளை நீக்கி, பாதி மணலும் பாதி தேங்காய் நார்த்தூளும் நிரப்பிய, அடியில் ஓட்டை உள்ள சின்னப் பிளாஸ்டிக் கவரில் இரண்டு கணு புதைகிற மாதிரி நடுங்கள். ஒரு கவருக்கு ஒரு குச்சி. நிழலில் வைத்து, மண் ஈரமாக இருந்தால் போதும் என்ற அளவுக்கு மட்டும் தெளியுங்கள். இரண்டு மாதம் பொறுக்க வேண்டும், பத்து வைத்து நான்கு ஐந்து பிழைத்தாலே எனக்குத் திருப்தி. கவரின் ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்ததும் தங்கைக்குக் கொடுங்கள், கவரோடு. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளாது, உதறினால் செத்துவிடும், அதனால் அங்கே பத்து நாள் லேசான நிழலில் வைத்திருந்துவிட்டு, கவரைப் பிளேடால் கீறி மண் உதிராமல் அப்படியே தொட்டியில் இறக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் இலைக்கு அடியிலும் கணுவிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சுத்தமான பிறகு கொடுங்கள், அந்த வீட்டுச் செம்பருத்திக்கும் அது தாவும்.

ரோஸ் நிறச் சாதாரண ரகத்துக்குக் குச்சியே போதும். அடுக்கு ரகங்கள் குச்சியில் அடம்பிடிக்கும், அவற்றுக்கு விண்பதியம், அதாவது கிளை செடியில் இருக்கும்போதே பட்டையைச் சீவி ஈரப்பாசி சுற்றி வேர் வரவைப்பது, நல்லது. ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் பூக்கும் மேரி பால்மர் உங்களிடம் இருந்தால், இரண்டு நிறமும் கலந்து பூத்த கிளையாகப் பார்த்து அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி வையுங்கள், ரோஸ் மட்டும் பூத்த கிளையிலிருந்து எடுத்தால் தங்கை வீட்டிலும் ரோஸ் மட்டும்தான் பூக்க வாய்ப்பு.