வாசகர் கேள்வி – பதில்: நிலையில் ஏறும் கறையான்

கேள்வி: திருவையாற்றில் காவிரிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் பூர்விக ஓட்டு வீடு இருக்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு ரேழிக் கதவு நிலையின் அடியிலிருந்து கறையான் மண் கோடாக ஏறுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தோம். பத்தே நாளில் பக்கத்திலேயே புதுக் கோடு கிளம்பிவிட்டது. மருந்து அடிப்பவர் வீடு முழுவதும் துளை போட வேண்டும் என்கிறார். அவ்வளவு தேவையா?
– வாசகி ஒருவர், திருவையாறு

பதில்: துளை போடும் முறை சரியானதுதான், ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. மண்ணெண்ணெய் தன் மேல் பட்ட பூச்சியை மட்டுமே கொல்லும். புற்றும் அதனுள் இருக்கும் ராணியும் தரைக்கடியில் பத்திரமாக இருப்பதால், வேலைக்காரக் கறையான்கள் வேறு வழி பார்த்து மறுபடியும் ஏறிவிடுகின்றன. அவற்றின் உடல் மிக மென்மையானது; வெளிக்காற்று பட்டால் விரைவில் உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் எச்சிலும் மண்ணும் குழைத்து அந்தக் கூரைபோட்ட பாதையைக் கட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் கோட்டின் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் பெயர்த்துப் பாருங்கள்: உள்ளே ஈர மண்ணும், வெளிறிய சிறு பூச்சிகள் மேலும் கீழும் ஓடுவதும் தெரியும். பெயர்த்த இடம் இரண்டு மூன்று நாளில் மீண்டும் மூடப்பட்டிருந்தால், அந்த வழியில் நடமாட்டம் தொடர்கிறது என்று பொருள். நிலையைத் திருப்புளிப் பிடியால் தட்டும்போது ஓட்டைச் சத்தம் கேட்கும் உயரம்வரை மரம் அரிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நம் ஊர்களில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர் அதைத் திரிபோல உறிஞ்சுகிறது. சுவர் ஊறுகிறதே என்று பலர் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தரும் தவறு. வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள் இன்னும் மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் சுவர் தானே உலரும். கொல்லைப்புறத்தில் சுவரை ஒட்டிப் பாயும் குளியலறைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். சுவரோரம் அடுக்கிய விறகையும், தரையில் வைத்த அட்டைப்பெட்டிகளையும் அகற்றுங்கள். அந்தக் காலத் தச்சர்கள் முற்றத்துத் தூண்களைக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். மரம் மண்ணைத் தொடக் கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் நிலையின் அடி இற்றுப்போயிருந்தால், அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டுக் கருங்கல் துண்டு வைக்கச் சொல்லுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு, இமிடாக்ளோப்ரிட் போன்ற மருந்தைக் கரைத்துச் செலுத்தி அடைப்பது வழக்கமான முறை. மண் ஊறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்தால் மருந்து மண்ணில் இறங்காது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால், அதன் பிறகு, மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் கிணறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊர் மணற்பாங்கான மண்ணில் மருந்து எளிதில் கசியும், அந்தப் பக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. வேலை முடிந்ததும் தெளிப்பானைப் படித்துறையில் கழுவ ஒருபோதும் விடாதீர்கள். ஆற்றில் வாழும் பூச்சிகளுக்கு அது நஞ்சு. வருபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், புட்டியின் லேபிளையும் வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையிலிருந்து எலிகள் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. எலிப்பசை வைக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அது கல்லீரலை அழிக்கும். மாற்று மருந்து இல்லை. பற்பசை என்று எண்ணிப் பல் துலக்கிவிட்டவர்களும் உண்டு. எங்கேனும் கிடைத்தாலும் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இருந்தாலே சுண்டெலிக்குப் போதும் என்பதால், குழாய் நுழையும் இடங்களையும் கதவடி இடைவெளியையும் கம்பிவலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள், எலி சுவரோரமாகவே ஓடும். கருவாடோ மசால் வடையோ போதும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. எனவே பொறியைக் கையுறையுடன் எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் இடத்தைக் கழுவுங்கள். கொல்லையில் வெள்ளநீர் தேங்கியிருக்கும் நாட்களில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். இறங்கிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.