பதில்: ஈகோசியாவில் தினமும் பத்து விளம்பரம் அமுக்கலாமா?

வணக்கம்ங்க. விளம்பர வருமானத்துல மரம் நடற தேடுபொறியான ஈகோசியாவுக்கு உங்க நண்பர்கள் 25 பேரும் மாறினது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஆளுக்குத் தினம் பத்து விளம்பரம் அமுக்கினா மரம் வேகமா நடலாம்னு சொல்றீங்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீங்க.

தேடினாலே பணம் வந்துடாது. முடிவுகளுக்கு மேலே 'விளம்பரம்'னு சின்ன எழுத்தில் வருதே, அதை யாராவது அமுக்கினாத்தான் அந்தக் கடைக்காரர் காசு கொடுக்கிறார். வாங்கற எண்ணமே இல்லாம அமுக்கினா அவர் பணம் வீண். செருப்புக்கடை வச்சிருக்கிற ஒருத்தர் தலையில நம்ம தர்மத்தைக் கட்டறது நியாயமா? போலி அமுக்கல்னு கண்டுபிடிச்சா விளம்பர நிறுவனம் அந்தப் பணத்தைக் கழிச்சும் விடும். என் நண்பர் ஒருத்தர் தன் வலைப்பூவில் "உதவிக்காக அமுக்குங்க"ன்னு எழுதி, விளம்பரக் கணக்கையே இழந்தார்.

நீங்க செய்ய வேண்டியது வேற. உலாவியில முகவரிப் பட்டைக்குப் பக்கத்துல விளம்பரத் தடுப்பான் (விளம்பரங்களை மறைக்கிற கருவி) படம் இருக்கா பாருங்க. இருந்தா ஈகோசியாவுக்கு மட்டும் அதை அணைச்சு வைங்க, விளம்பரமே தெரியலைன்னா வருமானம் எப்படி வரும்? பலர் கோட்டை விடறது இங்கதான். அப்புறம், செருப்போ டிக்கெட்டோ நிஜமாவே வாங்கப் போறப்போ அங்கேயே தேடுங்க.

பணம் மரம் நடப் போய்ச் சேருதான்னு கேட்டீங்க. ஈகோசியா 2009-ல் பெர்லினில் கிறிஸ்டியன் க்ரோல் தொடங்கினது. மாத வரவு செலவைத் தளத்திலேயே போடறாங்க, நீங்களே பார்க்கலாம். ஆனா அந்தப் பணம் மரங்களுக்கு. உங்க ஊர் நூலகம் மாதிரி வேற எதுக்காவது உதவணும்னா, மாசம் ஆளுக்கு 50 ரூபாய் நேரா போடுங்க.