அப்பாயியை ‘அம்மா’ என்று அழைக்கும் மகள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நான் பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மகளுக்கு 16 மாதங்கள். அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொலைக்கல்விப் பட்டப்படிப்பை இன்னும் தொடர்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கண்விழிப்பதற்கு முன் சத்தமில்லாமல் புறப்பட்டு, நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு வகுப்புக்குச் சென்று, இருட்டிய பின்னரே லயத்து வீட்டுக்குத் திரும்புகிறேன். வார நாட்களில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மா பார்த்துக்கொள்வார். ஞாயிறு அது மூடியிருப்பதால் என் மாமியார்தான் வைத்துக்கொள்கிறார்.

சென்ற ஞாயிறு நான் கையை நீட்டியபோது மகள் முகத்தைத் திருப்பி, மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ‘அம்மா’ என்றாள். அன்றிரவு ஒப்படை எழுத உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை. ஆறு நாளும் கொழுந்து பறித்துவிட்டு ஏழாம் நாளும் என் பிள்ளையைச் சுமக்கும் மாமியார் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாக இருக்கிறது. படிப்பு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் கைநழுவிப் போகிறாளோ என்ற அச்சமும், மாமியாருக்குத் தீராத கடன் பட்டுவிட்டோம் என்ற உணர்வும் உங்கள் கடிதத்தில் பின்னிக் கிடக்கின்றன. படிப்பை நிறுத்தினால் இரண்டில் எதுவும் தீராது என்றே நான் நம்புகிறேன்.

ருடால்ப் ஷாபர், பெகி எமர்சன் ஆகிய உளவியலாளர்கள் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை அவதானித்து 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதை எட்டும்போது பெரும்பாலான குழந்தைகள் தாயோடு தந்தை, பாட்டி எனப் பலரிடமும் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தமை தெரியவந்தது. பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போக, கைக்குழந்தைகள் மடுவம் என்ற காப்பகத்தில் வளர்ந்த நம் தோட்டங்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. பேசத் தொடங்கும் குழந்தை, தன்னை அன்போடு தூக்குகின்ற எவரையும் ‘அம்மா’ என்று அழைப்பதுண்டு. அந்தச் சொல் மாமியாருக்குப் போனதால் உங்கள் இடம் குறைந்துவிடவில்லை.

ஆனால், சத்தமில்லாமல் புறப்படுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்ற வேண்டும். பிரிவச்சம் மிகுந்திருக்கும் இந்த வயதில், கண்விழிக்கும்போது தாய் காணாமற்போயிருந்தால், அவள் எப்போது மறைவாளோ என்ற கலக்கம் குழந்தைக்குள் தங்கிவிடுகிறது. நீங்கள் திரும்பியதும் முகம் திருப்பியது பெரும்பாலும் அந்தக் கோபமாகவே இருக்கும். அவளை எழுப்பி, “அம்மா ஹட்டனுக்குப் போய்விட்டு இருட்டியதும் வருவேன்” என்று சொல்லிப் புறப்படுங்கள். அழுவாள், அந்த அழுகை அடங்கும். மாலையில் அவள் உடனே வராவிட்டால் பறித்துத் தூக்காமல், மாமியாரின் அருகிலேயே உட்கார்ந்து காத்திருங்கள்.

மாமியார் குறை சொல்லாததால் அவருக்குக் களைப்பில்லை என்று ஆகிவிடாது. “ஞாயிறு உங்களுக்கு எப்படிப் போகிறது, மாமி?” என்று நேரடியாகக் கேளுங்கள். துணி துவைக்கவும் கோயிலுக்குப் போகவும் அவருக்கும் அந்த ஒரு நாள்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு கணவருடையதாக இருக்கட்டும். அவர் வீட்டுக்கு வருவதை வகுப்புள்ள ஞாயிறோடு பொருத்திக்கொண்டு அன்று முழுவதும் பிள்ளையைத் தானே பார்க்க வேண்டும். பணம் அனுப்புவதோடு தந்தையின் பங்கு முடிவதில்லை என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொரு ஞாயிறு மதியத்துக்குப் பின், மகள் பழகிய அயல் வீட்டுப் பெண்ணிடம் கேட்கலாம். “முடிந்தால் பாருங்கள்” என்னாமல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று சொல்லிக் கேட்டால் ஒப்புக்கொள்பவருக்கும் இலகு.

உறக்கமின்மையோ அழுகையோ எதிலும் மனம் ஒட்டாத நிலையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் தயங்காமல் கூறுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஓடாமல் நின்ற அந்த ஒப்படையை, மாமியாரிடம் பேசிய மறுநாள் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.