டயாலிசிஸில் இருக்கும் அப்பாவை ஆய்வில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அவர் மெஷினில் படுத்திருக்கும்போது யாரையும் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பாவுக்கு 2 வருடமாக வாரம் 3 முறை டயாலிசிஸ் நடக்கிறது, நடுவில் அடிக்கடி பிபி இறங்கிவிடுகிறது, இதயமும் கொஞ்சம் பலவீனம். இந்தச் சிக்கல்கள் சம்பந்தமான ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களோ என்று உங்களுக்குச் சந்தேகம். நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். 7 வருடமாக டயாலிசிஸில் இருக்கிறேன். ஓர் ஆய்விலிருந்து பாதியில் விலகியிருக்கிறேன், இன்னொன்றில் கடைசிவரை இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் விலகிய கதை. அன்றைக்கு மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை கிலோ நீர் எடுக்க வேண்டிய நாள். பிபி 90க்கு வந்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, சிஸ்டர் இப்போதுதான் காலைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் பதினைந்து பக்கத் தாளோடு வந்தார். "உங்களுக்கு நல்லதுதான் மேடம், வலது கை சும்மாதானே இருக்கு" என்று பேனாவை நீட்டினார். போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "எதுல கையெழுத்துப் போட்டே?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டுப் பதில் எழுது என்று தினமும் கத்துகிறவள் நான். அடுத்த முறை போனதும் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. அந்தத் தாளிலேயே அது இருந்ததாம். நான்தான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஆய்வுகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. மற்றவர்களுக்கு நிரூபணமான மருந்து டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் வேலை செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பெரிய இதய மருந்து ஆய்வுகள் பலவற்றில் சிறுநீரகம் செயலிழந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. அப்புறம் அந்த முடிவை எடுத்து நமக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை உதாரணமாகப் பாருங்கள். கெட்ட கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டயாலிசிஸ் செய்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயச் சிக்கல்கள்தான். அப்படியானால் ஸ்டாட்டின் கொடுத்தால் தீர்ந்ததே? ஜெர்மனியில் சர்க்கரை நோயோடு டயாலிசிஸில் இருந்த 1,255 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 4டி என்பது அந்த ஆய்வின் பெயர், முடிவு 2005ல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 42 சதவீதம் இறங்கியது. ஆனால் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2009ல் அரோரா ஆய்வு 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாட்டினை வைத்துப் பார்த்தது. அதிலும் அப்படித்தான்.

ஏன் என்று யோசித்தவர்கள் சொல்வது: நம் இதயம் கெடுகிற வழி வேறு. கொழுப்பு அடைப்பு ஒரு பகுதிதான். ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது, இதயத்தின் இடது அறை தடிக்கிறது, பொட்டாசியம் ஏறி இறங்குவதால் துடிப்பு தடுமாறுகிறது. 4டி ஆய்வில் இறந்தவர்களில் நான்கில் ஒருவர் திடீரென இதயம் நின்று இறந்தார். அதைக் கொழுப்பு மாத்திரை எப்படித் தடுக்கும்? (இதைப் படித்துவிட்டு அப்பாவின் ஸ்டாட்டினை நிறுத்திவிடாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கும்போதே எடுத்துக்கொண்டிருந்தால் தொடரலாம் என்பதுதான் வழிகாட்டுதல். டாக்டரிடம் கேளுங்கள்.)

இன்னொன்று, ஹீமோகுளோபின். குறைந்தால் சோர்வு, மூச்சு வாங்கல். அதற்கு ஊசி வந்ததும், மற்றவர்களைப் போலவே நம் ரத்தத்தையும் இயல்பு அளவுக்கு ஏற்றிவிட்டால் இதயத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தார்கள். இதய நோய் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை 42 சதவீதத்துக்கு ஏற்றுவது, மற்றதற்கு 30ல் நிறுத்துவது. ஏற்றிய குழுவில் சாவும் மாரடைப்பும் கூடுதலாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 1998ல் வெளியானது. ஊசி குத்தும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவர்கள் ஏற்றிய குழுவில் 39 சதவீதம், மற்றதில் 29. ஃபிஸ்டுலாவில் (ஊசி குத்துவதற்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக்குழாய்) கை வைத்து அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்கிறவர்களுக்கு அந்த 10 சதவீதம் என்ன என்று தெரியும். இன்றைக்கு உங்கள் அப்பாவின் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியதும் ஊசியைக் குறைக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்த 1,233 பேர் இருக்கிறார்கள்.

சோதனை எலி என்று கேட்டீர்கள் அல்லவா? ஆய்வில் இல்லாத காலத்திலும் நாம் சோதனையில்தான் இருந்தோம், யாரும் கணக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

எல்லா ஆய்வும் மருந்து ஆய்வு இல்லை. சிலவற்றில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அப்படிப்பட்ட ஒன்றுதான், 2011ல் வந்தது. வாரத்துக்கு 7 நாள், 3 டயாலிசிஸ். 7ஐ 3ஆல் வகுத்தால் மீதி வராமல் போகாது. அந்த மீதிதான் வாரத்தில் ஒரு தடவை வரும் இரண்டு நாள் இடைவெளி. அமெரிக்காவில் சுமார் 32,000 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் இறப்பு விகிதம் 100 பேருக்கு ஆண்டுக்கு 22.1 என்ற கணக்கில் இருந்தது, மற்ற நாட்களில் 18.0. நீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகின்றன, பிறகு ஒரே நாளில் மொத்தத்தையும் உருவுகிறோம். அந்த நாளில் உடம்பு ஏன் அப்படி அடித்துப் போட்டதுபோல் ஆகிறது என்று 4 வருடமாக நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். படித்த பிறகு அந்த இரண்டு நாளில் மட்டும் தண்ணீரை இன்னும் கறாராக அளந்து குடிக்கிறேன்.

அப்படியானால் இடைவெளியே இல்லாமல் அடிக்கடி செய்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். 245 பேர், ஒரு பாதிக்கு வாரம் 6 முறை, மறு பாதிக்கு வழக்கமான 3 முறை, ஒரு வருடம். 2010ல் வந்த முடிவின்படி 6 முறை செய்தவர்களுக்கு இதயத் தடிப்பு குறைந்தது. கூடவே ஊசி குத்தும் குழாயைச் சரிசெய்ய மருத்துவமனைக்கு ஓடுவது கூடியது. ஒரு பக்கம் கொடுத்து மறு பக்கம் வாங்கிக்கொள்கிறது.

நான் கடைசிவரை இருந்த ஆய்வு உங்கள் அப்பாவின் பிரச்சினைதான், பிபி இறங்குவது. டயாலிசிஸ் திரவத்தைக் கொஞ்சம் குளிராக ஓடவிட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், அதனால் பிபி விழாமல் நிற்கும் என்பது யோசனை. சின்ன ஆய்வு, சில மாதம். எனக்கு எந்த வெப்பநிலை என்று என்னிடம் சொல்லவில்லை, ஆனால் பல் கிட்டித்துக்கொண்டு இரண்டு போர்வை கேட்டபோது எனக்கே தெரிந்துவிட்டது! பிபி இறங்குவது எனக்குக் குறைந்த மாதிரிதான் இருந்தது. மாதிரிதான் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதே மாதங்களில் என் டிரை வெயிட்டையும் (கூடுதல் நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) டாக்டர் அரை கிலோ ஏற்றியிருந்தார். எதனால் குறைந்தது என்று ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்லவே முடியாது.

அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது மைடெம்ப் ஆய்வு. கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்கள், 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். சில மையங்களில் ஒவ்வொருவரின் உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி முதல் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வரை குளிர்ந்த திரவம், மற்றவற்றில் எல்லோருக்கும் 36.5 டிகிரி. 2022ல் வந்த முடிவு: இதயம் சார்ந்த சாவிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வித்தியாசம் இல்லை, குளிரில் அவதிப்பட்டவர்கள்தான் கூடுதல். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதம் நடுங்கியது வீணா என்றால், இல்லை. எல்லோரையும் நடுங்க வைக்கத் தேவையில்லை என்று இப்போது தெரியும். பிபி மிகவும் இறங்கும் ஒருவருக்கு டாக்டர் திரவத்தின் வெப்பத்தைக் குறைத்துப் பார்ப்பது வேறு விஷயம்.

எல்லாமே "வித்தியாசம் இல்லை" என்று முடிவதும் கிடையாது. 2023ல் வந்த கன்வின்ஸ் ஆய்வில் ஐரோப்பாவில் 1,360 பேர். வழக்கமான டயாலிசிஸில் இருந்தவர்களில் 21.9 சதவீதம் பேர் இறந்தார்கள், அதிக அளவு ஹீமோடயாஃபில்ட்ரேஷனில் (ரத்தத்திலிருந்து நிறையத் திரவத்தை வடித்து, அதற்குப் பதிலாகப் புதுத் திரவத்தை ஏற்றும் முறை) இருந்தவர்களில் 17.3 சதவீதம். இது நல்ல செய்தி. ஆனால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 23 லிட்டர் திரவத்தை மாற்ற முடியும் என்று எதிர்பார்க்கக்கூடியவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அதற்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும், அதாவது ஊசி குத்தும் இடம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். கழுத்தில் குழாயோடு தள்ளாடும் 75 வயதுக்காரருக்கும் அதே 4.6 சதவீதம் கிடைக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதை நான் முடிவுக்கு முன்னாலேயே படிப்பது இதனால்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. ரொம்ப காலமாக இந்த ஆய்வுகள் அளந்ததெல்லாம் டாக்டர்களுக்கு முக்கியமானவை: பாஸ்பரஸ், கால்சியம், இதயச் சுவரின் தடிமன். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே சாய்கிறோமே, அதை யார் அளந்தார்கள்? 2014ல் தொடங்கிய ஸாங் என்ற சர்வதேச முயற்சி நோயாளிகளையும் மருத்துவர்களையும் தனித்தனியாகக் கேட்டது, எது முக்கியம் என்று. மருத்துவர்கள் சாவு போன்றவற்றுக்குக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தார்கள். நோயாளிகள் சோர்வு போன்றவற்றுக்கு. இப்போது ஹீமோடயாலிசிஸ் ஆய்வுகள் எல்லாவற்றிலும் அளக்க வேண்டியவை என்று நான்கைச் சொல்கிறார்கள்: சோர்வு, இதய நோய், ஊசி குத்தும் குழாயின் நிலை, உயிரிழப்பு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வரும் அரிப்பும் இப்படித்தான் வெகுநாள் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. 2020ல் டிஃபெலிகெஃபாலின் ஊசியை 378 பேரிடம் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு அரிப்பு நன்றாகக் குறைந்தது. போலி ஊசி போட்டவர்களிலும் பத்தில் மூன்று பேருக்குக் குறைந்தது! போலி மருந்துக் குழு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். தாளை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில், அவர் தெளிவாக இருக்கும்போது சேர்ந்து படியுங்கள். கூடுதலாக எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள் என்று கேளுங்கள், ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர். இப்போது எடுக்கும் மருந்து எதையாவது நிறுத்தச் சொல்வார்களா, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நடுராத்திரியில் ஏதாவது என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் கேளுங்கள். நன்னெறிக் குழு (ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல் இருக்கிறதா என்று தாளிலேயே பாருங்கள். ஆய்வுக்காகக் கூடுதல் நாட்கள் வர வேண்டுமா என்பதை நாங்கள் எல்லோரும் கேட்க மறந்துவிடுவோம். வாரத்தில் மிஞ்சுவதே 4 நாள், அதில் ஒன்று போனால் பெரிய இழப்பு. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருந்தால், ஆய்வு நடுவில் அழைப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டு அப்பா வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், நீங்களே நேரில் போய் அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள். அவரிடமே விட்டால் அடுத்த முறையும் யாராவது கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். நாலு மணி நேரம் அவரால் எழுந்து போக முடியாது.