கோபால்ட் ஃபெரைட் எரிப்பு: ஹாட் பிளேட்டா, மஃபிளா?

கேள்வி: எரிபொருளாகக் கிளைசின் போட்டு எரித்து கோபால்ட் ஃபெரைட் (காந்தத்தில் ஒட்டும் கோபால்ட்-இரும்பு ஆக்சைடு) நானோபவுடர் செய்கிறேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே பாய்ச்சிப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) வேண்டாத பீக் வருகிறது. சூடாக்கும் விதத்தில் தப்பா?

பீக் 33 டிகிரி பக்கம்தானே? அது ஹெமடைட், கோபால்ட் சேராத தனி இரும்பு ஆக்சைடு. நான் விழுந்த குழிதான்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்டி. லேபில் இருந்தது ஒரே ஹாட் பிளேட். ஐப்பசி மழை. கோபால்ட், இரும்பு நைட்ரேட்டுகளும் கிளைசினும் கலந்த கரைசல் வற்றித் தேன் பதம் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருபது நிமிஷம் கழித்து வந்தபோது ஓரமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. மறுபடி சூடாக்கினேன். நடுவில் பொறி பிடித்து, பீடி கனிகிற மாதிரி ஊர்ந்து, ஓரத்துக்கு வருமுன்பே அணைந்தது. "கருப்பட்டி காய்ச்சும்போ இடையில தீ அணைஞ்சா பதம் போச்சு மக்கா, கொட்டிரு" என்றார் லேப் அண்ணன். கேட்கவில்லை. பவுடர் கறுப்பாக இருந்தது, காந்தத்தில் ஒட்டியது, போதாதா? போதாது. கொஞ்சம் ஹெமடைட் கலந்திருந்தாலும் ஃபெரைட்டோடு சேர்ந்து அதுவும் ஒட்டிக்கொண்டு வரும்.

மெதுவாகச் சூடேறினால் இரும்பு நைட்ரேட் முந்திச் சிதைந்து தனி ஆக்சைடாகிவிடும். கோபால்ட் நைட்ரேட்டுக்கு இன்னும் சூடு வேண்டும். முன்பே 500 டிகிரியில் நிற்கும் மஃபிளுக்குள் (மூடிய மின் உலை) வைத்தால் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றும். டயலில் 500 என்றாலும் தீப்பிடிக்கும் சில நொடி உள்ளே ஆயிரத்தை எட்டும். அந்தச் சூட்டில் துகள் பருக்கப் பார்க்கும். சீறி வெளியேறும் வாயு அதை உதறி ஆறவைக்கும். பெங்களூரு ஐஐஎஸ்சியில் பாட்டீல் குழு 1988-லேயே யூரியாவோடு அலுமினாவை 500 டிகிரி மஃபிளில்தான் எரித்தது. அதை நான் படித்தது ஆறு மாசம் வீணான பிறகு.

"எரிபொருள் விகிதம்தானே முக்கியம்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும் சார். ஒரு மோல் கோபால்ட் நைட்ரேட், இரண்டு மோல் இரும்பு நைட்ரேட்டுக்கு கிளைசின் 4.44 மோல். கணக்கில் தப்பில்லை. நம்ம ஊர் மழையில் இரும்பு நைட்ரேட் பாட்டிலுக்குள்ளேயே கசிந்து நிற்கும், நிறுக்கும்போது தண்ணீரும் சேர்ந்து ஏறும். அதையும் பாருங்கள்.

பாத்திரம் பெரிதாக எடுங்கள், கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள், மேலே கம்பி வலை போடுங்கள். பழுப்புப் புகை வரும், எக்ஸாஸ்ட் ஓடட்டும். நான் வலை போடாமல் வைத்து, ஃபர்னஸ் கூரை முழுக்கக் கறுப்பு. இரண்டு நாள் சுரண்டினேன். பேப்பர் வந்தபோது என் பெயர் நான்காவது. மூன்றாவதாக இருந்தவர், மஃபிள் எந்த ரூமில் இருக்கிறது என்று என்னிடம் வழி கேட்டவர்.