டிபன் பாக்ஸ் திறந்தால்தானே சாப்பாடு இறங்கும்?

கேள்வி: மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். விடியற்காலையில் எழுந்து சமைத்து அனுப்பினால் சாயங்காலம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. சூடு ஆறாத பாக்ஸ் ஒன்று 1,200 ரூபாய்க்குப் பார்த்தேன். வாங்கினால் சாப்பிடுவாளா?
- வாசகி, தாம்பரம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் வீட்டில் இருக்கும் டப்பாவையே அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். காலி டப்பாவை அல்ல, சுடச்சுடச் சாதம் போட்டு மூடி, மூன்று நான்கு மணி நேரம் கழித்து. காற்றுப் புகாத மூடி என்றால் உள்ளே இருக்கும் ஆவி ஆறி நீராகி, அழுத்தம் குறைந்து, மூடி அப்படியே கவ்விக்கொள்ளும். நமக்கே விரல் வலிக்கும்போது ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு பிஸ்கட்டைக் கடித்துவிட்டுப் பையில் போட்டுவிடும். நாமோ சாப்பாடு பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி தினம் ஒரு புது அயிட்டத்துக்கு அல்லாடுவோம். சாதத்தைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடுங்கள். வேர்த்துக் குழைவதும் குறையும்.

மூடி சரி என்றால் அப்புறம் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் ருசியாக இருப்பது மதியமும் இருக்கும் என்று நம்பாதீர்கள். தோசை தோலாகிவிடும், சேமியா கட்டியாகிவிடும், சாம்பார் சாதம் இறுகிவிடும் (கட்டாயம் வைக்க வேண்டுமென்றால் தளரப் பிசையுங்கள்). இட்லியைத் துண்டு போட்டு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் பிரட்டி வைத்தால் மதியம்வரை மெத்தென்று இருக்கும், பொடியும் ஊறியிருக்கும், கை அழுக்காகாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னலாம். தயிர் சாதத்துக்குப் பாலை ஊற்றிக் குழையப் பிசைந்து ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். அளவையும் குறையுங்கள். அரட்டைக்கு நடுவே சாப்பிடும் பிள்ளைக்கு நிரம்பி வழியும் டப்பாவைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும்.

சூடு ஆறாத பாக்ஸ் மோசமில்லை. ஆனால் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, சூடான சாப்பாட்டை வாய்வரை நிரப்பினால்தான் அது வேலை செய்யும். 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சாப்பாட்டில் கிருமி பெருகும். தயிர் சாதத்தையும் தேங்காய்ச் சட்னியையும் அதில் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: எவர்சில்வர் டப்பா வாங்கப் போனால் கடைக்காரர் அதில் காந்தத்தை வைத்து, "பாருங்க ஒட்டலை, அசல் 304" என்கிறார். நம்பலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 304 என்பது எவர்சில்வரில் ஒரு ரகம். மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். எலுமிச்சை சாதம், புளியோதரை என்று வாரம் முழுக்கப் புளிப்பு போகிற டப்பாவுக்கு 304 வாங்குவதுதான் நல்லது. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு கடை பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-இல் உத்தரவு போட்டிருக்கிறது. முத்திரையின் மேலே ஐ.எஸ். 14756 என்றும் கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒழுகாது என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் வாங்கிய டப்பா முதல் நாளே ஒழுகி நோட்டெல்லாம் ரசம். மாற்றித் தர மறுக்கிறார்கள்.
- வாசகி, மதுரை

பதில்: மூடியில் இருக்கும் வாஷர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அப்படியும் ஒழுகினால் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வீடியோ எடுத்து, பில்லையும் "ஒழுகாது" என்று எழுதியிருந்த பக்கத்தின் படத்தையும் வைத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்த முறை வாங்கும்போது வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். அது தளர்ந்தாலோ இடுக்கில் கறுப்புப் பூஞ்சை பிடித்தாலோ மாற்ற முடியாமல்தான் நல்ல டப்பாக்கள் பலவும் பரணுக்குப் போகின்றன.