சிரட்டை தட்டும் மகனைப் பற்றி

அன்புள்ள அம்மா,

புதுக்குடியிருப்பிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகன் இரவில் காவோலையைக் கசக்கியும் சிரட்டையைத் தட்டியும் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறான், இதுவும் ஒரு தொழிலா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில்தான். திரைப்படத்துக்கு வேண்டிய சிறு ஒலிகளைப் பின்னர் செய்து சேர்க்கும் அந்தத் தொழிலுக்கு ஃபோலி என்று பெயர். 1920களின் இறுதியில் பேசும் படங்கள் வரத் தொடங்கியபோது ஹொலிவூட்டின் யுனிவர்சல் நிறுவனத்தில் இதைச் செய்துகாட்டிய ஜாக் ஃபோலியின் பெயரே தொழிலுக்கும் நிலைத்துவிட்டது.

படப்பிடிப்பில் ஒலிவாங்கி நடிகரின் பேச்சை நோக்கியே பிடிக்கப்படுவதால், அவருடைய காலடியும் சேலையின் சரசரப்பும் கதவின் கொண்டியும் தெளிவாகப் பதிவாவதில்லை. அவற்றைப் பின்னர் ஒரு கலைஞர் திரையைப் பார்த்தபடியே, நடிகரின் நடையோடு தம் நடையைப் பொருத்தி, மறுபடி உண்டாக்குகிறார். படத்தை வேற்றுமொழிக்கு மாற்றும்போது, பழைய பேச்சை நீக்கினால் அதனோடு சேர்ந்து பதிவான சிறு ஒலிகளும் போய்விடும் என்பதால், அங்கும் அவர் தேவைப்படுகிறார். அசைவூட்டப் படத்திலோ படப்பிடிப்பே கிடையாது. முயல் புல்லில் குதித்தால் அந்தப் புல்லையும் யாராவது ஒலிக்கச் செய்தாக வேண்டும்.

குதிரைக் குளம்புக்குச் சிரட்டை, தீக்குச் செலோபேன் தாள், சிறகடிப்புக்குத் தோல் கையுறை, எலும்பு முறிவுக்குச் செலரித் தண்டு என்பன பழகிய வழிகள். வெண்பனியில் நடக்கும் ஒலிக்குத் தோற்பையில் சோள மாவை நிரப்பி அழுத்துவார்கள். வெண்பனியைக் கண்டேயிராத வன்னிப் பிள்ளையும் அதை அடுப்படியிலேயே செய்துவிடலாம். மா வீணாவதற்கு நீங்கள் ஏசுவது நியாயம்தான்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். ஃபோலியை மட்டும் நம்பி நம் நாட்டில் குடும்பம் நடத்துவது கடினம். ஆகவே ஒலிப்பதிவு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை மூன்றையும் சேர்த்துக் கற்பவனுக்கே திரைப்படத்திலும் விளம்பரத்திலும் தொலைக்காட்சியிலும் வேலை கிடைக்க வழியுண்டு. உயர்தரத்தை அவன் கட்டாயம் முடிக்கட்டும். கொழும்பிலோ சென்னையிலோ பல இலட்சம் கேட்கும் பயிற்சிநெறிக்காக வயலை ஈடு வைக்க வேண்டாம்; இலங்கையில் நடக்கும் நெறியானால் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருமா என்று முதலில் விசாரியுங்கள்.

அதுவரை ஒலியைப் பதிந்து தொகுத்துப் பழகுவதற்கு இலவசமான ஓடாசிற்றி (Audacity) மென்பொருளே போதும். மின்விசிறியை நிறுத்தி, சுவரில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, உழவு இயந்திரங்கள் ஓய்ந்த பின்னர் பதியச் சொல்லுங்கள். யாராவது நடந்துவரும் ஒரு நிமிடக் காட்சியை எடுத்து, அதன் ஒலி முழுவதையும் நீக்கிவிட்டு, அவனே புதிதாகச் செய்யட்டும். செக்கனுக்கு 24 சட்டகங்கள் (தனித்தனி நிலைப்படங்கள்) ஓடும் படத்தில், காலடி சில சட்டகங்கள் பிந்தினாலே பொருந்தாமை தெரிந்துவிடும். முடித்ததும், படத்தை மறைத்து ஒலியை மட்டும் நீங்கள் கேளுங்கள். வருபவர் சுமையோடு வருகிறாரா, வெறுங்கையோடு வருகிறாரா என்று உங்களுக்குத் தெரிந்தால், அதை எனக்கு அனுப்பிவையுங்கள்.